டிராக்டரை அணைத்துவிட்டுத் தள்ளியவர்கள்

முதலில் ஒன்று. என்னை "மேடம், மேடம்" என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். ஓய்வு பெற்று வீட்டில் கிடந்தவளை அழைத்து வந்து, கோப்பியும் கறிபாப்பும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அக்கா என்றே சொல்லலாம். நிலையத்து வேலையைப் பற்றிப் புதியவர்களிடம் பேசச் சொன்னார் உங்கள் அதிகாரி. கருவியை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் இல்லாத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தொண்ணூறுகளில் மலாக்கா டவுனில் நம் ஆபீசுக்கு இரண்டே அறை. நிலையம் செலண்டார் பக்கம், ஒரு தோட்டத்தின் ஓரத்துக் குன்றில் இருந்தது. பார்த்தால் யாரும் மதிக்கமாட்டார்கள். ஒரு சிறிய கல் கொட்டகை, கம்பி வேலி, வானத்தைப் பார்த்த ஒரு தட்டு, அவ்வளவுதான். கருவி கீழே பாறைக்குள் குழியில் உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரே வேலை, பூமி நடுங்குவதைக் கேட்டுக்கொண்டே இருப்பது.

அணுகுண்டுச் சோதனையைத் தடை செய்யும் ஒப்பந்தம் அப்போது வெள்ளோட்டத்தில் இருந்தது. எந்த நாடு எந்தப் பாலைவனத்துக்கு அடியில் குண்டு வெடித்தாலும் அந்த அதிர்வு பூமிக்குள் ஓடி உலகத்தின் எல்லாப் பாறைகளையும் தொடும். அதைப் பிடிக்க உலகம் முழுக்க நம்முடையதைப் போன்ற நிலையங்கள். நாம் பதிவு செய்வதெல்லாம் அன்றன்றைக்கு இரவே வெளிநாட்டில் உள்ள மையத்துக்குப் போகும். அங்கிருந்து ஒப்பந்தத்தில் சேர்ந்த எல்லா நாடுகளுக்கும் போகும். நூற்றுக்கணக்கில் குண்டு வைத்திருக்கும் நாட்டுக்கும், ஒரு பட்டாசுத் தொழிற்சாலைகூட இல்லாத குட்டித் தீவுக்கும் அதே கோடு, அதே நேரம். இதை முதன்முதலில் எனக்கு விளக்கியபோது நான் நம்பவே இல்லை. "நிஜமாகவே எல்லோருக்குமா?" என்று இரண்டு முறை கேட்டேன். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. உங்களுக்குச் சிலிர்க்கவில்லை என்றால் வேறு வேலை பார்க்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் போகும் என்றால் எல்லாமும்தான். நாம் துடைத்து, பொட்டு வைத்து அனுப்பக் கூடாது. முதல் வருடம் ஒரு வாரம் முழுக்க மாலை நேரத்தில் விசித்திரமான குலுக்கல் பதிவாயிற்று. நான் பதறிப்போய் ஓடிப் பார்த்தால், தோட்டத்து மாடு ஒன்று வேலிக்கம்பத்தில் முதுகைச் சொறிந்துகொண்டிருக்கிறது! அந்த மாட்டின் அரிப்பு எல்லா நாட்டுத் தலைநகரங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் "கால்நடை" என்று குறிப்பு எழுதினோம். அழிக்கவில்லை.

மாட்டை விரட்டிவிடலாம். அம்மனை என்ன செய்வது?

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா சித்ரா பௌர்ணமிக்கு நடக்கும். மாலையில் ரதம் கோயிலிலிருந்து கிளம்பி, செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் ரோட்டில் சுற்றி, எங்கள் குன்றின் அடிவாரத்தைக் கடந்து, தீமிதித் திடலுக்குப் போகும். ரதத்தை இழுப்பது தோட்டத்து டிராக்டர். முன்னால் உறுமி மேளம், அதற்கு ஆடும் இளவட்டங்கள். நூறு இருநூறு பேர் ஒரே தாளத்தில் குதித்தால் பாறைக்குள் இருக்கும் கருவிக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ரதத்தின் பாதையை மாற்றச் சொல்லிக் கேட்டு வா என்று மேலிடம் என்னை அனுப்பியது. தமிழச்சி நான்தானே, எனக்குத்தான் அந்த வேலை.

கோயில் தலைவர் மாரிமுத்து அண்ணன். ரத டிராக்டரை ஓட்டுபவரும் அவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். ஆள் கட்டை, குரல் கனம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அம்மன் போற வழிய மாத்த முடியாது லா தங்கச்சி. எங்க தாத்தா காலத்துலேர்ந்து அந்த வழிதான்."

"அண்ணே, அந்த மெஷின் கேட்டுக்கிட்டே இருக்கு. உலகத்துல யாராச்சும் அணுகுண்டு வெடிச்சா அதான் சொல்லணும். நீங்க ஆடுறப்ப அதுக்கு வேற எதுவும் கேக்காது."

"அணுகுண்டா? நம்ம கொட்டாயில இருக்குற மெஷினா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாவா?"

"நெசமாத்தான் அண்ணே."

குன்றின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "கம்போங் ரோட்டுல மலாய்க்காரங்க சுராவ் இருக்கு பாத்தீங்களா? அவங்க தொழுகுற நேரத்துல அதத் தாண்டுறப்போ மேளத்த நிப்பாட்டிருவோம். யாரும் சொல்லல, நாங்களா செய்யுறது. திருவிழாவுக்கு அவங்களும் நம்ம பந்தலுக்கு வந்து நிப்பாங்க. அது மாதிரி உங்க மெஷினுக்கும் நிப்பாட்டிருவோம். குன்றுக்கு இந்தப் பக்கம் இருக்குற பலாமரத்துலேர்ந்து அந்தப் பக்கம் சின்னப் பாலம் வரைக்கும் சத்தம் இல்ல, ஆட்டம் இல்ல. போதுமா?"

"டிராக்டர் அண்ணே? அதோட இஞ்சின்தான் பெரிய ஆட்டம்."

"அட, விடமாட்டீங்க போல!" என்று சிரித்தார். "ஆஃப் பண்ணிட்டு கையால தள்ளுறோம். சரிதானே?"

பலாமரத்திலிருந்து பாலம் வரைக்கும் ரோடு மேடு. ரதத்தையும் டிராக்டரையும் சேர்த்து ஆட்கள் தள்ள வேண்டும். சும்மா பேச்சுக்குச் சொல்கிறார், முதல் வருடத்தோடு மறந்துவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இனி தொண்ணூற்றெட்டு. அந்த வருடத் திருவிழாவுக்கு நானே போயிருந்தேன். விடுமுறை நாள் வேறு. வேலையாகப் போகவில்லை, சாமி கும்பிடத்தான் போனேன். வெயில் இறங்கிய நேரம். மஞ்சள் சேலை கட்டிய பெண்கள், தீமிதிக்கக் காப்புக் கட்டியவர்கள், பால்குடம், பிள்ளைகளின் கையில் ஐஸ் கச்சான் கிண்ணம். உறுமி அடித்த அடியில் என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. பலாமரம் வந்தது. மாரிமுத்து அண்ணன் கையைத் தூக்கினார்.

அடேயப்பா, அந்த அமைதியை எப்படிச் சொல்வேன்! உறுமி நின்றது. ஆட்டம் நின்றது. டிராக்டர் இஞ்சின் இருமி அடங்கியது. பின்னால் வருபவர்கள் வந்து சேரும் வரை கூட்டம் அப்படியே நின்றது. பிறகு இளவட்டங்கள் ரதத்தின் பின்னால் தோள் கொடுத்தார்கள். கத்தவில்லை, "ஏலேலோ" இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும். ஒரு குழந்தை அழுதது, தாய் அதன் வாயில் பால்புட்டியை வைத்தாள். ரதம் அங்குலம் அங்குலமாக மேடு ஏறியது. குன்றின் மேல் எங்கள் கொட்டகை ஒன்றும் தெரியாததுபோல் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. பாலத்தைத் தாண்டியதும் டிராக்டர் உறுமியது, மேளம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

மறுநாள் காலையில் ரொட்டி சானாய்க் கடையில் என் தம்பி வந்து நின்றான். டாக்சி ஓட்டுகிறவன், ஊர்ச் செய்தியெல்லாம் அவனுக்குத்தான் முதலில் தெரியும்.

"அக்கா! கேட்டியா? இந்தியாவுல நம்ம ஆளுங்க அணுகுண்டு வெடிச்சிட்டாங்க! நேத்துச் சாயங்காலம், நம்ம நேரத்துக்கு ஆறு மணி வாக்குல!"

"எந்த நம்ம ஆளுங்கடா? நீ பொறந்தது இங்க ஜாசின்ல."

"இருந்தாலும் அக்கா... ஒன் மெஷினு அவங்களக் காட்டிக் குடுத்துருச்சா?"

"காட்டிக் குடுக்க என்ன இருக்கு? அவங்களே சொல்லித்தானே ஒனக்குத் தெரியும். யாரு வெடிச்சாலும் அது சொல்லும். அதுக்கு சொந்தக்காரன் யாரும் கிடையாது."

சொன்ன பிறகுதான் நேரம் உறைத்தது. ஆறு மணி வாக்கில் என்றால் ரதம் ரோட்டில் இருந்த நேரம். நூற்றுக்கணக்கான கால்கள் ஆடிய நேரம். இத்தனை வருடம் எதற்காகக் காத்திருந்தோமோ அது வந்த வேளையில் நம் காதில் உறுமி அடித்திருக்கிறது! ரொட்டியைப் பாதியில் விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினேன்.

பதிவைத் திறந்தேன். நினைத்தபடியே மணிக்கணக்கில் ஒரே கறுப்புக் கிறுக்கல். நகர்த்திக்கொண்டே போனேன். திடீரென்று கிறுக்கல் நின்றது. கோடு மெலிந்து, ஏறக்குறைய நேராக ஓடியது. பலாமரம், என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த நேர்க்கோட்டின் நடுவில், சின்னதாக, ஆனால் தெளிவாக, ஒரு துடிப்பு. பாலைவனத்தில் வெடித்தது ஏழெட்டு நிமிடத்தில் வங்காள விரிகுடாவுக்கு அடியில் ஓடி வந்து, ரதம் தள்ளியவர்களின் வெறுங்காலுக்குக் கீழே கடந்து போயிருக்கிறது. நானும் அங்கேதான் நின்றேன். என் காலுக்குக் கீழேயும்தான் போயிருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கை கூப்பினேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை. சில வாரம் கழித்து ஒரு கேள்வி வந்தது. உறுப்பு நாடு ஒன்றின் நிபுணர்கள் நம் பதிவைப் பார்த்திருக்கிறார்கள். வார்த்தை மரியாதையாகத்தான் இருந்தது, உள்ளே ஊசி. மணிக்கணக்காகக் கடும் இரைச்சல், நடுவில் சில நிமிடம் மட்டும் கத்தியால் வெட்டியதுபோல் அமைதி, அந்த அமைதிக்குள் அழகான துடிப்பு, உடனே மறுபடி இரைச்சல். இயற்கையில் இப்படி நடக்காது. அன்றிரவு அனுப்புவதற்கு முன் இரைச்சலை எடுத்துவிட்டுச் சுத்தமான துண்டு ஒன்றைத் தயார் செய்து ஒட்டினீர்களா? இதுதான் கேள்வி.

எங்கள் இயக்குநர் மலாய்க்காரர், நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். என்னை மரியாதையாகப் புவான் என்றுதான் கூப்பிடுவார்; அவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"புவான், ஒட்டினோம் என்று அவர்கள் முடிவு செய்தால் நம் நிலையத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இதுவரை அனுப்பிய எல்லாவற்றின் மேலும் சந்தேகக் குறி விழும். பொறுப்பு அதிகாரி யார் என்று கேட்பார்கள். உங்கள் பெயரைப் பார்ப்பார்கள். இந்தியக் குண்டின் பதிவில் ஓர் இந்தியப் பெயர். அதன் பிறகு யார் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை."

"நான் ஒட்டவில்லை. ஊர்வலம் நின்றது. நான் அங்கேயே இருந்தேன்."

"எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தெய்வத்தின் ஊர்வலம் ஒரு கருவிக்காக மேளத்தை நிறுத்தியது என்று எழுதினால் அவர்கள் நம்புவார்களா? சிரிப்பார்கள்." கேள்வி வந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். "அந்த நேரம் கருவி கோளாறு என்று எழுதி, அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்வோம். சோதனையை மற்ற நிலையங்கள் பிடித்துவிட்டன. உலகத்துக்கு நஷ்டம் இல்லை. நீங்களும் தப்பிப்பீர்கள். நாளைக்குள் பதில் போக வேண்டும்."

பிள்ளைகளே, அவர் கெட்டது சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கும் அப்போது வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகளின் படிப்பு. "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் தலைவலி போய்விடும். அது தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் கோளாறு என்று எழுதினால், கோளாறு இல்லாத கருவியைக் கோளாறு என்று எல்லா நாடுகளுக்கும் சொன்னவள் ஆவேன். அதற்குப் பிறகு நான் அனுப்பும் எந்தக் கோட்டை யார் நம்புவது? முதலில் நானே நம்புவேனா? எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அந்த மேட்டில் தோள் கொடுத்துத் தள்ளியவர்களின் மூச்சைக் கோளாறு என்று எழுதுவதா!

"சாயங்காலம் வரைக்கும் நேரம் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, தம்பியின் டாக்சியில் செலண்டாருக்குப் போனேன்.

மாரிமுத்து அண்ணன் தோட்டத்து ஷெட்டில் டிராக்டருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். நாங்கள் பொய்யாக ஒட்டிவிட்டோம் என்கிறார்கள் என்றதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரு லா அவன்? இங்க வரச் சொல்லுங்க. அந்த மேட்டுல ஒருவாட்டி தள்ளிப் பாக்கட்டும், பொய்யா நெசமான்னு தெரியும்!"

"அவங்க வரமாட்டாங்க அண்ணே. நான் ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. இந்த வருஷம் மட்டும் நிப்பாட்டுனீங்களா? நான் வந்திருந்தேன்னு..."

அவர் எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"என்ன தங்கச்சி இப்பிடிக் கேட்டுட்டீங்க? ஒங்ககிட்ட சொன்ன வருஷத்துலேர்ந்து ஒரு வருஷம் விட்டதில்ல. போன வருஷம் மழை. சேத்துல சக்கரம் எறங்கிருச்சு. பயலுங்க இஞ்சின் போடுங்கண்ணேன்னு கெஞ்சுனானுங்க. போடல. வாக்கு குடுத்தா குடுத்ததுதானே? நீங்க வந்தா என்ன, வராட்டி என்ன? மெஷினு கேட்டுக்கிட்டுதானே இருக்கு!"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குப் பொறி தட்டியது. ஆமாம், மெஷின் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. போன வருடமும் கேட்டது. கேட்டதை அப்போதே எல்லா நாடுகளுக்கும் அனுப்பியும் விட்டது.

ஆபீசுக்குத் திரும்பி முந்தைய வருடங்களின் சித்ரா பௌர்ணமியைத் திறந்தேன். மணிக்கணக்கில் கிறுக்கல். நடுவில் வெட்டியதுபோல் அமைதி. மறுபடி கிறுக்கல். போன வருடத்து அமைதி நீளம், சேற்றில் சக்கரம் இறங்கிய வருடம் அல்லவா. உள்ளே ஒரு துடிப்பும் இல்லை. வெறும் அமைதி. நான் வரவில்லை, யாரும் பார்க்கவில்லை, ஒரு சோதனையும் நடக்கவில்லை, யாருக்கும் ஒரு பயனும் இல்லை. இருந்தும் மழையில் நனைந்துகொண்டு அத்தனை பேர் சத்தம் போடாமல் மேடு தள்ளியிருக்கிறார்கள்.

பதிலை எழுதினேன். கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. ஊர்வலம் பற்றியும் சுராவ் முன்னால் மேளம் நிறுத்தும் வழக்கம் பற்றியும் நாலு வரி. டிராக்டர் பற்றி ஒரு வரி. அப்புறம் இப்படி எழுதினேன்: எங்களை நம்பும்படி நாங்கள் கேட்கவில்லை. முந்தைய வருடங்களின் பௌர்ணமி நாட்கள் இவை. அந்தப் பதிவுகள் அப்போதே உங்களுக்கு வந்து உங்கள் கையில் இருக்கின்றன. இப்போது நாங்கள் அவற்றைத் தொட முடியாது. திறந்து பாருங்கள்.

இயக்குநர் அதை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். "அனுப்புங்கள்" என்றார். நான் கதவைத் திறந்தபோது, "அடுத்த வருடம் என்னையும் கூப்பிடுங்கள், புவான். நானும் தள்ளுகிறேன்" என்றார்.

இரண்டு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பதில் வந்தபோது அதில் இருந்தது கொஞ்சம்தான். முந்தைய வருடங்களைப் பார்த்தோம், கேள்வியைத் திரும்பப் பெறுகிறோம். கீழே, நிபுணர் தன் கையால் எழுதியதுபோல் ஒரு வரி: அந்த மக்களுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் மேஜையில் தலையை வைத்து அழுதேன். அழுததில் வெட்கமே இல்லை.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் விளக்க மாட்டேன், உங்களுக்கும் மூளை இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். எவனாவது பிரியமாக வந்து, "அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிடலாமே" என்பான். அவன் நல்லவனாகவும் இருப்பான். அப்போது பலாமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு இயக்குநர் சொன்னபடியே வந்தார், பூப்போட்ட பாத்தேக் சட்டையோடு. பலாமரத்தடியில் மாரிமுத்து அண்ணனிடம் அந்த வணக்கத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, போன வருஷம் நாம இங்க நின்னப்பவா அது கீழ போச்சு?"

"ஆமாண்ணே. இந்த இடத்துலதான்."

அவர் குனிந்து தன் காலடி மண்ணைப் பார்த்தார். செருப்பில்லாத கால். கட்டை விரலால் மண்ணை ஒருமுறை அழுத்தினார். பிறகு ரதத்துக்குள் இருந்த அம்மனை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வருஷம் ஒண்ணும் வரக்கூடாது ஆத்தா" என்றார். டிராக்டரில் ஏறி, சாவியைத் திருப்பி அணைத்தார்.

உறுமி நின்றது. நாங்கள் எல்லோரும் தோள் கொடுத்தோம். எனக்குப் பக்கத்தில் இயக்குநர், பாத்தேக் சட்டை முழுக்க விபூதி. யாரும் பேசவில்லை. பாலம் வரைக்கும் தள்ளினோம்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பதிவைத் திறந்தேன். கிறுக்கல், அப்புறம் அமைதி, அப்புறம் கிறுக்கல். அமைதிக்குள் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றும் இல்லாததும் எல்லா நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.